தொமே மாமன் வரவில்லை

ஜக்குவின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. தாய்மாமன் இன்னும் வந்தபாடில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஜக்கம்மாள் என்று பெயர் வைத்தது அவள் அப்பா வீட்டு வகையறா. குலசாமிப் பெயராம், மாற்றக் கூடாதாம். வீட்டில் ஜக்கு. மாமன் கொண்டுவரும் பட்டுப்பாவாடைக்காகப் பழைய கவுனோடு உட்கார்ந்து, ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜக்குவின் அம்மா மகேஸ்வரி, திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற அனிமே தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவள் வேலை. திரையில் இருப்பவன் எத்தனை முறை வாயைத் திறந்து மூடுகிறானோ, அதற்குள் தமிழ் அடங்க வேண்டும். ‘பனிமலைச் சத்திரம்’ என்று ஒரு தொடர் அவள் கைக்கு வந்தது. அதில் சத்திரக்காரியின் அண்ணன் தொமேகிச்சி, சுருக்கமாகத் தொமே, என்று ஒரு பிரகிருதி. வாய்ச்சவடால், பெருந்தீனி, பொசுக்கென்று அழுகை, ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓட்டம். ஜப்பானிய மொழியில் அவன் பேச்சு முடிகிற இடமெல்லாம் அர்த்தமே இல்லாத ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குத் தமிழில் என்ன போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட மகேஸ்வரி, கடைசியில் தன் அண்ணன் ஆனந்த்ராஜ் மூச்சுக்கு மூச்சு சொல்வதை எடுத்து ஒட்டிவிட்டாள்.

‘நான் இருக்கேன்ல, அப்பறம் என்ன?’

அதோடு நிறுத்தினாளா? இல்லை. பந்தியில் அப்பளம் தீர்ந்துபோனதற்கு அண்ணன் அழுதது, நாயைக் கண்டு டிரான்ஸ்பார்மர் மேடையில் ஏறி நின்றது என்று ஒவ்வொன்றாகத் தொமேயின் வாயில் போய் உட்கார்ந்தன. தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு வேன் ஓட்டுகிற ஆனந்த்ராஜைப் பார்த்து எவனோ ‘தொமே மாமா’ என்று கூப்பிட, அது மார்க்கெட் முழுக்கப் பரவியது. போன வாரம் அவன் மகள் சுகன்யா எல்லா எபிசோடையும் போனில் போட்டுக் காட்டினாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். ஆறாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. “காதுகுத்துக்கு நீங்க போங்க. நான் வரல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. இப்போது கோயிலுக்கு வாருங்கள்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய குலசாமி கோயில். கெடா வெட்டிக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. காது குத்துகிற ஆசாரி தட்டில் ஊசியை வைத்துவிட்டு வெற்றிலை போடுகிறார். உச்சிக்கு மேல் ராகு காலம். அதற்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும்.

“ஏத்தா மகேசு, ஒங்க அண்ணன் கெளம்பிட்டானா இல்லையா?” மாமியார் கருப்பம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“வந்துக்கிட்டே இருக்காக அத்தை.”

“இதையேதான் காலையில இருந்து சொல்ற. அந்தப் பாதை என்ன பர்மா வரைக்குமா போகுது?”

அண்ணன் போனை எடுக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அண்ணன்தான் என்று பதறி எடுத்தால், சென்னையிலிருந்து அயாஸ். அவளுக்கு எபிசோடு அனுப்பி வசனம் வாங்குகிற டப்பிங் கம்பெனிக்காரர்.

“மேடம், ஒன்பதாவது எபிசோடு இன்னிக்கு சாயங்காலம் வந்துடுமில்ல?”

“வந்துரும் சார். வீட்ல விசேசம். முடிச்சிட்டு அனுப்பிர்றேன்.”

“ஒரு விஷயம் மேடம். தொமே சீன் வந்தாலே பாதிப் பேர் ஓட்டி விட்டுர்றாங்க. மீதிப் பேர் அந்த சீனை மட்டும் திரும்பத் திரும்ப பாக்கறாங்க. நடுவுல ஆளே இல்ல. இந்த மாதிரி சண்டை நமக்கு நல்லதுதான். இந்த எபிசோடுல அவன் தங்கச்சியை விட்டுட்டு ஓடறான் பாருங்க, அங்க இன்னும் கொஞ்சம் காரமா அடிங்க. வயிறு வலிக்கணும்.”

மகேஸ்வரி போனை வைத்தாள். அவள் அம்மா சிவனம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சத்தமாகக் கேட்கிற போன். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“இன்னும் காரமா வேணுமாமா? வாரி விடு. ஒங்கூடப் பொறந்தவன் மானத்தை ஊரு ஊரா வித்தது பத்தாதா?”

“அம்மா, செத்த நேரம் சும்மா இரும்மா.”

“நான் என்னத்தைச் சும்மா இருக்க? அவன் வரலைன்னா அதுக்கு நீதான்டி காரணம்.”

கணவன் முகேஷ்குமார் வந்து நின்றான். நல்ல மனுஷன்தான். ஆனால் சுற்றிலும் சொந்தக்காரர்கள் கிசுகிசுக்கும்போது நல்ல மனுஷனுக்கும் காது சிவக்கும்.

“மகேசு, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஒங்க பெரியப்பா மகன் அஜித் இருக்கான்ல. அவனும் மாமன் முறைதான. அவன் மடியில உக்கார வச்சிருவோம்.”

அஜித் ஏற்கெனவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான். அவனைப் பார்த்ததும் மகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கூடப் பொறந்தவன் இருக்கையில எதுக்குங்க அடுத்தவன்?”

“இருக்கான், சரி. எங்க இருக்கான்?”

கேள்வி நியாயமானது. அவள் மறுபடியும் அண்ணன் நம்பரை அழுத்தினாள்.

அப்போதுதான் கோயில் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மதினி தீபா தாம்பாளத்தோடு இறங்கினாள். பின்னாலேயே சுகன்யாவும் இன்னும் நான்கு பெண்களும். பழத் தட்டு, பூத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு என்று ஒரு குறையும் இல்லை. மேளக்காரர்கள் குச்சியை எடுத்தார்கள். முன்னால் நடந்துவர வேண்டிய ஆள் இல்லை என்று தெரிந்ததும் குச்சியைக் கீழே போட்டார்கள்.

சீர் வாசலிலேயே நின்றது. அதை எப்படி உள்ளே கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

“என்ன மதினி இது?” மகேஸ்வரி ஓடிப்போய்த் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னையக் கேக்காத தாயி. குளிச்சாரு, புதுவேட்டி கட்டுனாரு, எங்களை வேன்ல ஏத்துனாரு. கோயிலுக்குப் பிரியுற விலக்கு ரோடு வந்ததும் வண்டிய நிறுத்திட்டாரு. ‘நீங்க ஆட்டோவுல போங்க’ன்னுட்டாரு. கத்திப் பாத்தேன், அழுது பாத்தேன். ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு ரோட்டையே பாக்குறாரு.”

“தோடு?” கருப்பம்மாள் தட்டுகளைத் துழாவினாள். “தோட்டை எங்கத்தா காணோம்?”

“அது அவரு சட்டைப் பையில இருக்கு அத்தை.”

அஜித் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். ஊசி இருந்து என்ன, போடுவதற்குத் தோடு வேண்டுமே.

சுகன்யா ஒன்பதாவது படிக்கிறவள். அத்தை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் இன்று அத்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஸ்கூல்ல என்னையத் தொமே மகள்னு கூப்புடுறாங்க அத்தை. நான் ஒன்னும் நெனைக்கல. நானே சிரிச்சேன். அப்பா அப்படி இல்ல. வீடியோவுக்குக் கீழ எல்லாரும் எழுதுறதை ஒன்னொன்னாப் படிக்கிறாரு. சோறு தின்னுக்கிட்டே படிக்கிறாரு.”

மகேஸ்வரி ஜக்குவை இடுப்பில் தூக்கினாள். “சுகன்யா, என் ஸ்கூட்டர்ல ஏறு.”

“மகேசு, நேரம் ஆகுது” என்றான் முகேஷ்குமார்.

“தோட்டை வாங்கிட்டு வாரேன்” என்றாள். மனசுக்குள் வேறு என்னவெல்லாமோ இருந்தது. அதையெல்லாம் வாசலில் நின்று சொல்ல முடியுமா?

விலக்கு ரோட்டில் புளியமர நிழலில் வேன் நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சீர் கொண்டுபோகிற கோலத்தில் எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தான் ஆனந்த்ராஜ். சுகன்யா பிள்ளையை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். மகேஸ்வரி வேனில் ஏறி அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“தோடு வாங்கத்தான வந்த?”

“ஆமா.”

“இந்தா.” சிவப்புத் தாளில் மடித்த பொட்டலத்தை நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

“ஒன்னைய ஒன்னு கேக்கணும் மகேசு. கேட்டுட்டு விட்டுர்றேன்.”

“கேளுண்ணே.”

“ஒருத்தன் எழுதிருக்கான், இந்தாளு வந்தாலே நான் ஓட்டி விட்டுருவேன், நல்ல கதையக் கெடுக்குறதுக்குன்னே வாரான்னு. இன்னொரு பொண்ணு, இவன் இல்லைன்னா இந்தக் கதையில உப்பே இல்லைன்னு எழுதுது. அவுகளுக்குள்ள அடிதடியே நடக்குது. அவுக யாரோ எவரோ, பேசிட்டுப் போகட்டும். நீ எந்தக் கட்சி?”

“அண்ணே, அது தொமே. நீ இல்ல.”

“அப்ப அந்த அப்பளம் யாரு? டிரான்ஸ்பார்மர் மேடையில நின்னது யாரு, ஜப்பான்காரனா?” அவன் குரல் ஏறியது. “சொல்லு. நான் வந்தா கதை கெடுதா?”

ரோட்டில் ஒரு பஸ் கடந்து போயிற்று. மகேஸ்வரி புழுதிக்குக் கண்ணாடியை ஏற்றினாள்.

“அப்பளமும் நாயும் இருக்கட்டும்” என்றான் ஆனந்த்ராஜ். “நானும்தான் சிரிச்சேன். ஆறாவதுல அந்தக் கெழவன் சாகக் கெடக்குறான் பாரு. எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காக. தொமே மட்டும் எந்திரிச்சு வெளிய போறான். அப்ப ஒன்னு சொல்றான். ‘நான் இருக்கேன்ல, வாசலுக்கு வெளிய’ன்னு. நீ அதைச் சிரிப்புக்கு எழுதல மகேசு. கோவத்துல எழுதிருக்க.”

எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்த இடம் அது. ஒருத்தருக்கும் தெரியவில்லை, இவனுக்குத் தெரிந்துவிட்டது.

“கோவந்தான்” என்றாள். “கோவத்துலதான் எழுதுனேன். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரில அப்பாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. ‘நான் இருக்கேன்ல, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க’ன்னு எங்களை அனுப்புனவன் நீதான? திரும்பி வந்தா ஒன்னையக் காணோம். அவரு கதவையே பாத்துக்கிட்டு இருந்தாருண்ணே. கண்ணை மூடுற வரைக்கும் கதவைத்தான் பாத்தாரு. கொள்ளி வைக்கத்தான் நீ வந்த. எங்கதான் போன அன்னைக்கு?”

இதைக் கேட்க அவளுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா போன அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை.

ஆனந்த்ராஜ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். “பழனி பஸ்ல ஏறிட்டேன்.”

“சாமி கும்புடவா?”

“அப்படிச் சொன்னா நல்லாத்தான் இருக்கும். கோயிலுக்கெல்லாம் போகல. ஒட்டன்சத்திரத்துல எறங்கி பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டேன். நீங்க டீ குடிக்கப் போனதும் அப்பா என் கையப் புடிச்சாரு. ‘நீ இருப்பா’ன்னாரு. உசுரு போறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. கையப் பிரிச்சு விட்டுட்டு வந்துட்டேன்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். வேற எதுவோ பெரிய காரணம் இருக்கும்னு நெனச்சியா? பயந்தான் மகேசு. வெறும் பயம்.”

மகேஸ்வரிக்கு அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. கூடவே அவன் தோளில் சாய்ந்து அழவும் தோன்றியது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கையப் பிரிச்சு விட்டியா? எப்படிண்ணே மனசு வந்துச்சு?”

“தெரியல. இப்பவும் ராத்திரி படுத்தா அந்தக் கை வருது.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மகேஸ்வரி சேலைத் தலைப்பை விட்டாள்.

“நானும் ஒன்னு சொல்லணும். அந்த ஆறாவது எபிசோடுல, தொமே வெளிய போறான்ல, அந்த எடத்துல ஜப்பான்காரன் வசனமே வைக்கல.”

“வாய் ஆடுச்சே? நான் பாத்தேனே?”

“அது பேச்சு இல்லண்ணே. அழுகைய அடக்குற ஒதடு. வரைஞ்சவன் அதைத் துடிக்கத் துடிக்க வரைஞ்சிருக்கான். நான் ஒவ்வொரு வாயசைப்பையும் நிறுத்தி நிறுத்திப் பாக்குறவ. அது அழுகைன்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் அதுல போய் அந்த வசனத்தைத் திணிச்சேன். வேணும்னே செஞ்சேன்.”

ஆனந்த்ராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். இந்தத் தடவை நேராகப் பார்த்தான்.

“படுபாவி” என்றான் மெதுவாக.

“திட்டு. நல்லாத் திட்டு.”

“அவன் அழுதானா?”

“அழுதான்.”

“அதை ஒருத்தரும் பாக்கலயே மகேசு. எல்லாரும் சிரிச்சிட்டாகளே.”

செய்தது தப்பு, அதை அயாஸிடம் சொல்லி எப்படியாவது மாற்ற முடியுமா என்று யோசித்தாள். வெளியாகி எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். மாற்றினாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியுமா?

“எந்தக் கட்சின்னு கேட்டேல்ல” என்றாள். “மத்தவங்க ஓட்டி விட்டுருவாங்க. எனக்கு அந்த வசதி கெடையாது. ஒரு நிமிசச் சீனுக்கு அரை நாள் அவன் மூஞ்சியவே பாக்கணும். அவனால கதை கெடத்தான் செய்யுது. அவன் ஓடுற எடமெல்லாம் எனக்கு வயிறு எரியுது. ஆனா நாலாவதுல தொமே கெடையாது பாத்தியா? எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்க, சொன்ன சொல்லைக் காப்பாத்துனாங்க. எழுதையில எனக்குக் கொட்டாவி கொட்டாவியா வந்துச்சு. இவன் எப்படா வருவான்னு இருந்துச்சு.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். அழுது முடிக்கும் முன்பே சிரித்துவிடுகிற ஆள் அவன், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

“ஒம்பதாவதுல என்ன பண்றான்?”

“ஓடுறான்.”

“திரும்பி வாரானா?”

“பத்தாவது இன்னும் எனக்கு அனுப்பல.”

“அப்ப ஒனக்கே தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது. அவுக ஒவ்வொன்னாத்தான் அனுப்புவாக.”

ஆனந்த்ராஜ் தோட்டுப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். “நான் வந்து உக்காந்தா சின்னப் பயலுக எல்லாம் தொமே தொமேன்னு கத்துவானுக.”

“கத்தட்டும்.”

“ஊசியக் கண்டா எனக்கு ஆகாது. ஒனக்கே தெரியும். சபையில எந்திரிச்சு ஓடிட்டேன்னா?”

“ஓடுனா ஓடுண்ணே. மொதல்ல வந்து உக்காரு.”

அவன் சாவியைத் திருகினான். மரத்தடியிலிருந்து சுகன்யா ஜக்குவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வேனில் ஏறினாள். மகேஸ்வரி இறங்கிப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தாள். வழி முழுக்க வேன் எங்கேயாவது திரும்பிவிடுமோ என்று அதன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பவில்லை.

மேளம் கோயிலையே தூக்கிவிடுகிற மாதிரி அடித்தார்கள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்ததற்கும் சேர்த்து அடித்தார்கள் போல. வேட்டு வெடித்தது. தீபா இப்போதுதான் நிமிர்ந்து நடந்தாள். சிவனம்மாள் மகனைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பந்தலுக்குள் நுழைந்ததும் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல், “டேய், தொமே மாமாடா!” என்றது. இன்னும் நாலு குரல் சிரித்தது.

ஆனந்த்ராஜின் நடை ஒரு எட்டு தடுமாறிற்று. அவன் நிற்காமல் போய் மனையில் உட்கார்ந்துவிட்டான்.

“வாங்க மச்சான்” என்றான் முகேஷ்குமார். கோபம் பாதி, நிம்மதி பாதி.

“லேட்டாயிருச்சு மாப்ள.”

பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டு, ஜக்குவை மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காதில் மையால் புள்ளி வைத்தார். அஜித் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வந்தான். சுகன்யா போய் அந்தப் போனுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்றார் ஆசாரி.

முதல் காது. ஊசி இறங்கியது தெரியவில்லை, ஜக்குவின் அலறல்தான் தெரிந்தது. மேளத்தையும் மீறி அலறினாள். ஆசாரி தோட்டைப் போட்டுத் திருகாணியைத் திருகினார். ஆனந்த்ராஜின் முகம் வெளுத்துவிட்டது. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்தது. உதடு துடித்தது. பார்த்தவர்கள் ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்தார்கள். பையன்கள் அந்த வசனத்துக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள்.

அவன் ஒன்றும் சொல்ல வரவில்லை என்று மகேஸ்வரிக்கு மட்டும் தெரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அடுத்த காது” என்று ஆசாரி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். ஜக்கு ஊசியைப் பார்த்தாள். திரும்பி மாமனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்ட, அழுகை முட்ட, சொன்னாள்.

“மாமா, வேணாம். போயிருவோம் மாமா.”



ஆனந்த்ராஜ் எழுந்தான். பிள்ளையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு, ஆசாரியின் தட்டைத் தாண்டி, தாம்பாளங்களுக்கு நடுவில் கால் வைத்து, பந்தலை விட்டு வெளியே ஓடினான். வேட்டி அவிழாத குறை. வேன் நின்ற பக்கம்கூடப் போகவில்லை. நேராக மக்காச்சோளக் காட்டுப் பாதையில் ஓடினான். பட்டுப்பாவாடையின் சிவப்பு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு சோளத் தட்டைகள் மறைத்துவிட்டன.

பந்தலே எழுந்துவிட்டது. “டேய், தொமே ஓடுறான்டா!” என்று பையன்கள் துள்ளினார்கள். சிவனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். முகேஷ்குமார் செருப்பைக்கூடத் தேடாமல் பாய்ந்தான். மகேஸ்வரி குறுக்கே போய் அவன் கையைப் பிடித்தாள்.

“விரட்டாதீங்க.”

“ஒத்தக் காதோட பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறான், விரட்டாதங்குற?”

“வெரட்டுனா இன்னும் ஓடுவான். விடுங்க.”

“ஒங்க அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா மகேசு?”

“ஆமாங்க” என்றாள் அவள். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கே ஆச்சரியமாக, சிரிப்பும் வந்தது.

கருப்பம்மாள் வாசலுக்கு வந்து காட்டுப் பாதையைப் பார்த்தாள். ஆள் அரவம் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“நேரம் போகுதுத்தா. வருவானா, மாட்டானா? ஒன்னு சொல்லு.”

“தெரியல அத்தை” என்றாள் மகேஸ்வரி. “ஆனா இந்தத் தடவை அவன் கையப் பிரிச்சு விட்டுட்டு ஓடல.”